அமெரிக்கக் குடியுரிமையோடு இந்தியாவில் வாழ்கிறீர்களா? வரி, முதலீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2016 ஜூலையில் நியூ ஜெர்சியிலிருந்து பெட்டி படுக்கையோடு சென்னைக்குத் திரும்பினோம். கையில் அமெரிக்க பாஸ்போர்ட், கூடவே ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை). வேளச்சேரியில் எங்கள் அடுக்ககத்திலேயே எங்களைப் போல் ஆறு குடும்பங்கள் இருக்கின்றன. மார்ச் பிறந்தால் லிஃப்டில் பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்விகள்தான் கீழே உள்ளவை. நான் ஆடிட்டர் இல்லை. வருடா வருடம் இரண்டு நாட்டுப் படிவங்களையும் நிரப்பி, ஒரு தடவை நன்றாகக் கையைச் சுட்டுக்கொண்டவன், அவ்வளவுதான்.

தொகைகள் எல்லாம் 2025ஆம் ஆண்டு வருமானத்துக்கானவை. டாலர் கணக்குக்கு 87 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். இந்தியாவில் 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால் பழைய பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆனால் எல்லோர் வாயிலும் இருப்பது பழைய எண்தான் என்பதால் அதையே எழுதுகிறேன்.

சம்பளம் இங்கே, வரி கட்டுவதும் இங்கே. அமெரிக்காவுக்கு எதற்காக நான் ரிட்டர்ன் போட வேண்டும்?

அமெரிக்கா நீங்கள் எங்கே வாழ்கிறீர்கள் என்று பார்ப்பதில்லை, யாருடைய குடிமகன் என்று பார்க்கிறது. உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அதன் வரிக் கணக்கில் வரும். இப்படிச் செய்யும் இன்னொரு நாடு எரித்ரியா. மெக்சிகோ நகரில் வாழ்ந்த குக் என்ற அமெரிக்கர் 'இது நியாயமா' என்று வழக்குப் போட்டார். 1924இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அரசு பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. நூறு வருடமாக அதுதான் நிலை.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே விதி. கார்டு காலாவதியாகிவிட்டது, மேஜை டிராயரில் கிடக்கிறது என்றால் போதாது. படிவம் ஐ-407 கொடுத்து முறைப்படி ஒப்படைத்தால் ஒழிய, வரித் துறையைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் அவர்கள் ஆள்தான்.

அப்படியானால் இரண்டு நாட்டுக்கும் வரி கட்டுவதா?

பெரும்பாலும் இல்லை. சம்பளக்காரர்களுக்கு அமெரிக்காவில் கட்ட வேண்டிய வரி அநேகமாகப் பூஜ்யத்தில்தான் முடியும். அதைப் பூஜ்யம் என்று நிரூபிக்கும் காகிதம்தான் அதிகம்.

வழி இரண்டு. ஒன்று, படிவம் 2555: வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்ததில் 1,30,000 டாலர் வரை கணக்கிலிருந்து விலக்கிவிடலாம். பன்னிரண்டு மாதத்தில் 330 நாள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்திருக்க வேண்டும், அல்லது இங்கேயே நிரந்தரமாகக் குடியிருப்பதைக் காட்ட வேண்டும். இன்னொன்று, படிவம் 1116: இந்தியாவில் கட்டிய வரியை அமெரிக்க வரியில் கழித்துக்கொள்வது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சம்பளம் 30 லட்சம், வேறு வருமானம் இல்லை. இந்தியாவில் புதிய முறையில் வரி, செஸ் எல்லாம் சேர்த்து சுமார் 4,75,800 ரூபாய், அதாவது ஏறத்தாழ 5,470 டாலர். அதே சம்பளம் அமெரிக்கக் கணக்கில் 34,480 டாலர். மனைவி அமெரிக்கர் இல்லை, தனியாகத் தாக்கல் செய்கிறீர்கள் என்றால் 15,750 டாலர் நிலைக் கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) போக, வரும் வரி 2,000 டாலர் சொச்சம்தான். இந்தியாவில் கட்டியது அதைவிட அதிகம் என்பதால் அங்கே பாக்கி ஒன்றும் இல்லை. மிச்சமுள்ள 3,400 டாலர் சொச்சம் கழிவை 10 வருடம் வரை முன்னே கொண்டுபோகலாம்.

இந்தியாவில் சம்பளம் வாங்குபவர்களுக்கு என் ஓட்டு 1116க்குத்தான். 2555 எடுத்தாலும் வரி பூஜ்யம்தான், ஆனால் இரண்டு விஷயம் போய்விடும். சோஷியல் செக்யூரிட்டி எண் உள்ள பிள்ளைகள் இருந்தால், பிள்ளைக்கு 1,700 டாலர் வரை ரொக்கமாகத் திரும்ப வரக்கூடிய சலுகை 2555 எடுத்தவர்களுக்குக் கிடையாது. சம்பளம் முழுவதையும் விலக்கிவிட்டால் ஐஆர்ஏ என்ற அமெரிக்க ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் பணம் போடும் தகுதியும் இல்லை. 2555இலிருந்து 1116க்கு மாறுவது எளிது. ஆனால் மாறிய பிறகு மறுபடி 2555க்குப் போக ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும், அல்லது அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்ஸிடம் அனுமதி கேட்க வேண்டும்.

வட்டி, வாடகை, டிவிடெண்ட், பென்ஷன் எதுவும் 2555இல் அடங்காது. அது உழைத்துச் சம்பாதித்ததற்கு மட்டும்.

இந்தியாவில் 'வரி விலக்கு' உள்ள வருமானம்?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். 'வரி விலக்கு' என்று இந்திய அரசு சொல்வது இந்திய அரசுக்கு மட்டும். அமெரிக்காவில் அது சாதாரண வருமானம். இங்கே வரி கட்டாததால் கழித்துக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. ஆக, விலக்கு என்று நம்பிப் போட்ட பணத்துக்குத்தான் அமெரிக்க வரி நேராக வந்து விழும்.

பிபிஎஃப் வட்டி அப்படித்தான். என்ஆர்இ (வெளிநாட்டில் சம்பாதித்ததை என்ஆர்ஐகள் இங்கே போடும் கணக்கு) டெபாசிட் வட்டியும் அப்படித்தான். எல்ஐசி முதிர்வுத் தொகையில் கட்டிய பிரீமியத்துக்கு மேல் வந்ததும் அங்கே வருமானம். பிஎஃப் விஷயத்தில் ஆடிட்டர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எந்த முறையை எடுத்தாலும் வருடா வருடம் அதையே பின்பற்றுங்கள்.

வீடு விற்பதில் இது இன்னும் கடுமை. இங்கே ஒரு வீட்டை விற்று, அந்த லாபத்தை வேறு வீட்டில் போட்டால் பிரிவு 54இன்படி இந்திய வரி இல்லை. ஆடிட்டர் சந்தோஷமாகச் செய்துகொடுப்பார். அமெரிக்காவுக்கு அந்த 54 தெரியாது. இந்திய வரியும் கட்டவில்லை, கழிவும் இல்லை, அங்கே முழு வரி. சில சமயம் இந்தியாவில் 12.5% கட்டிவிட்டுப் போவதே மேல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்க்காமல் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போகாதீர்கள்.

விற்கும் வீட்டில் கடைசி ஐந்து வருடத்தில் இரண்டு வருடமாவது நீங்களே குடியிருந்திருந்தால் 2,50,000 டாலர் வரை லாபத்தை அமெரிக்கா விட்டுவிடும். வீடு சென்னையில் இருந்தாலும் இது பொருந்தும். அதற்கு மேல் போனால் விடாது. நியூயார்க்கில் பிறந்து சிறுவயதிலேயே இங்கிலாந்துக்குப் போய்விட்ட போரிஸ் ஜான்சன், லண்டன் மேயராக இருந்தபோது தன் லண்டன் வீட்டை விற்ற லாபத்துக்கு அமெரிக்க வரி கேட்டு வந்தது. கட்ட மாட்டேன் என்றார், பிறகு கட்டினார். 2016இல் குடியுரிமையையே விட்டார்.

ரிட்டர்ன் எப்போது போட வேண்டும்?

ஏப்ரல் 15. வெளிநாட்டில் வாழ்பவர்களுக்குத் தானாகவே ஜூன் 15 வரை நேரம் உண்டு. படிவம் 4868 போட்டால் அக்டோபர் 15 வரை. ஆனால் வரி பாக்கி இருந்தால் வட்டி ஏப்ரல் 15இலிருந்தே ஓடும்.

தேதியைவிடத் தொல்லை, வருடக் கணக்கு. இங்கே ஏப்ரல் முதல் மார்ச், அங்கே ஜனவரி முதல் டிசம்பர். ஃபார்ம் 16 உங்களுக்கு உதவாது. மாதச் சம்பளச் சீட்டு பன்னிரண்டையும் எடுத்து, ஜனவரியிலிருந்து கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். நான் வீட்டில் ஒரு நீல ஃபைல் வைத்திருக்கிறேன். டிசம்பர் சீட்டு வந்த அன்றே கூட்டி, மேலே பென்சிலில் எழுதிவிடுவேன்.

எஃப்பார் என்கிறார்களே, அது வரியா?

வரி இல்லை, தகவல். ஒரு காசு கட்ட வேண்டாம். ஆனால் மறந்தால் வரும் அபராதம் வரியைவிடப் பெரிது.

அமெரிக்காவுக்கு வெளியே உங்களுக்கு உள்ள எல்லாக் கணக்கையும் கூட்டி, வருடத்தில் ஏதாவது ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் ஒவ்வொரு கணக்கையும் காட்ட வேண்டும். ஒரு கணக்கில் 10,000 அல்ல, எல்லாம் சேர்த்து. அதாவது 8.7 லட்சம் ரூபாய். சம்பளக் கணக்கும் ஒரு எஃப்டியும் இருந்தாலே தாண்டிவிடும். வரி ரிட்டர்னோடு இது போகாது. அமெரிக்க நிதித் துறையின் ஃபின்சென் தளத்தில் படிவம் 114 என்று தனியாக, இலவசமாகப் போட வேண்டும். அதற்கும் ஏப்ரல் 15, தவறினால் கேட்காமலே அக்டோபர் 15.

எல்லோரும் கோட்டை விடுவது பெற்றோர் கணக்கில்தான். அம்மாவின் பென்ஷன் கணக்கில் 'ஐதர் ஆர் சர்வைவர்' என்று உங்கள் பெயரையும் சேர்த்திருப்பார்கள். பணம் முழுக்க அம்மாவுடையது, நீங்கள் ஒரு ரூபாய் தொட்டதில்லை. இருந்தாலும் அதன் முழுத் தொகையும் உங்கள் எஃப்பாரில் வரும். கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டும் இருந்தாலும் வரும்: அடுக்ககச் சங்கத்தின் பொருளாளராக நீங்கள் காசோலையில் கையெழுத்துப் போடுபவரானால் சங்கத்தின் கணக்கும் சேர்த்தி. இதைச் சொன்ன வருடம் எங்கள் சங்கத்தில் பொருளாளர் பதவிக்கு ஆள் கிடைக்கவில்லை.

வெறும் நாமினி என்றால் வராது. லாக்கரும் வராது. எல்ஐசி பாலிசிக்குச் சரண்டர் மதிப்பு இருந்தால் வரும். பிபிஎஃப், டீமேட் கணக்குகள் வரும். ஒவ்வொரு கணக்கிலும் வருடத்தின் உச்சத் தொகையை எடுத்து, டிசம்பர் 31க்கு அமெரிக்க நிதித் துறை அறிவிக்கும் விலையில் டாலராக்க வேண்டும்.

அபராதம் பற்றி ஒரு நல்ல செய்தி. ருமேனியாவில் வாழ்ந்த பிட்னர் என்பவர் ஐந்து வருடம் எஃப்பார் போடவில்லை. கணக்குக்கு 10,000 டாலர் என்று பெருக்கி 27.2 லட்சம் டாலர் கேட்டார்கள். 2023இல் உச்ச நீதிமன்றம், தெரியாமல் நடந்த தவறுக்குக் கணக்குவாரியாக அல்ல, ஒரு வருட அறிக்கைக்கு ஒன்று என்றுதான் போட வேண்டும் என்றது. 27.2 லட்சம் 50,000 ஆனது. வேண்டுமென்றே மறைத்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பு உதவாது.

படிவம் 8938உம் எஃப்பாரும் ஒன்றுதானே?

இல்லை. 8938 என்பது வெளிநாட்டு நிதிச் சொத்துகளைக் காட்டும் படிவம், ரிட்டர்னோடு சேர்ந்து ஐஆர்எஸ்ஸுக்குப் போவது. வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கு வரம்பு அதிகம்: தனிநபருக்கு வருடக் கடைசியில் 2 லட்சம் டாலர் அல்லது இடையில் எப்போதாவது 3 லட்சம். தம்பதியாகத் தாக்கல் செய்தால் இரண்டும் இரட்டிப்பு. உங்கள் பெயரில் நேரடியாக உள்ள நிலம், வீடு, கையில் உள்ள நகை எதுவும் இதில் வராது. நகை பற்றிக் கேட்காத மாமியார் கிடையாது, அதனால் எழுதினேன்.

வங்கியில் 'நீங்கள் அமெரிக்கரா' என்று கேட்கும் படிவத்தில் 'இல்லை' என்று போட்டால் என்ன?

போடாதீர்கள். ஃபாட்கா என்ற அமெரிக்கச் சட்டம் 2010இல் வந்தது. இந்தியா 2015இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. வங்கிகள் அமெரிக்கர்களின் கணக்கு விவரத்தை இந்திய வரித் துறைக்குக் கொடுக்கின்றன, அது அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போகிறது. நீங்கள் சொல்லாவிட்டாலும் பிறந்த ஊர், பழைய அமெரிக்க முகவரி, தொலைபேசி எண் என்று ஏதாவது காட்டிக்கொடுக்கும்.

நான் கணக்குத் தொடங்கிய கிளையில் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று ஏற்கெனவே டிக் அடித்துவைத்திருந்தார்கள். "சும்மா ஃபார்மாலிட்டி சார், கையெழுத்து மட்டும் போடுங்க." அடித்துத் திருத்தி, பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டேன். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது, புதுப் படிவம் எடுக்க வேண்டியிருந்தது. எஃப்பார் மறந்தால் 'தெரியாது' என்று சொல்லலாம். பொய்யாகக் கையெழுத்திட்ட காகிதம் இருந்தால் அந்த வாதம் போய்விடும்.

மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி போடலாமா?

வேண்டாம். நான் கையைச் சுட்டுக்கொண்டது இதில்தான்.

2016 அக்டோபரில் மூன்று ஃபண்டில் மாதம் 25,000 ரூபாய் வீதம் ஆரம்பித்தேன். அமெரிக்கர் என்று மறைக்கவில்லை. அமெரிக்கர்களை ஏற்காத ஃபண்ட் நிறுவனங்கள் பல உண்டு, ஏற்பவை சில உண்டு. ஏற்றுக்கொண்டார்களே, அப்படியானால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அவர்கள் பார்த்தது அவர்களுக்கு உள்ள ஃபாட்கா கடமையை. எனக்கு வரப்போகும் வரியை அவர்கள் ஏன் பார்க்க வேண்டும்?

அமெரிக்கச் சட்டத்தில் வெளிநாட்டு ஃபண்டுகளுக்கு 'பீஃபிக்' என்று பெயர். 1986இல் வந்த விதி. வருமானத்தில் 75% வட்டி, டிவிடெண்ட் போன்றவையாக இருக்கும் நிறுவனம், அல்லது சொத்தில் பாதி அப்படிப்பட்டதாக இருக்கும் நிறுவனம் இதில் அடங்கும். மியூச்சுவல் ஃபண்டின் வேலையே அதுதானே. ஈக்விட்டி, டெட், லிக்விட், இண்டெக்ஸ், இந்திய ஈடிஎஃப் (பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்) எதுவும் தப்பாது. குஜராத்தின் நிதி மண்டலமான கிஃப்ட் சிட்டியில் தொடங்கிய ஃபண்டும் அமெரிக்காவுக்கு வெளிநாட்டு ஃபண்டுதான். யூலிப் எடுத்தால் காப்பீடும் ஃபண்டும் சேர்ந்து தலைவலி இரட்டிப்பு.

விற்கும்போது லாபத்தை, வைத்திருந்த ஒவ்வொரு நாளுக்குமாகப் பிரித்துப் போடுவார்கள். முந்தைய வருடங்களுக்கு விழும் பங்குக்கு, நீங்கள் எந்தப் படியில் இருந்தாலும் சரி, அந்தந்த வருடத்தின் மிக உயர்ந்த வரி விகிதம்: 2017 வரை 39.6%, அதன்பின் 37%. அதோடு அந்த வரியை அப்போதே கட்டாததற்கு வட்டி. நீண்ட கால லாபத்துக்கான குறைந்த விகிதமெல்லாம் கிடையாது. நீண்ட காலம் வைத்திருப்பதுதான் குற்றம் என்பது போல.

எஸ்ஐபி என்றால் ஒவ்வொரு தவணையும் தனிக் கொள்முதல். 2019 செப்டம்பரில் நான் நிறுத்தியபோது 36 மாதம், மூன்று ஃபண்ட், ஆக 108 கொள்முதல். ஒவ்வொன்றுக்கும் வாங்கிய தேதி, அன்றைய டாலர் விலை, நாள் எண்ணிக்கை. கணக்குப் போட்டுத் தந்த அமெரிக்க ஆடிட்டர் ஃபண்டுக்கு ஒரு படிவம் 8621 என்று தனித்தனியாகக் கூலி வாங்கினார். லாபத்தில் பாதிக்கு மேல் வரி, வட்டி, கூலி என்று போனது.

வேறு வழி இரண்டு உண்டு என்பார்கள். ஃபண்ட் நிறுவனமே வருடா வருடம் ஒரு தனி அறிக்கை கொடுத்தால் வரி சாதாரணமாக நடக்கும். அதை இங்கே கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். இன்னொன்று, ஒவ்வொரு டிசம்பர் 31இலும் விற்றதாகப் பாவித்து அந்த ஏற்றத்துக்குச் சாதாரண விகிதத்தில் வரி கட்டுவது. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு இது பரவாயில்லை. மொத்த மதிப்பு 25,000 டாலருக்குள் இருந்து, எதையும் விற்காமல், ஃபண்டிலிருந்து பெரிதாக டிவிடெண்ட் ஒன்றும் வராமல் இருந்தால் படிவம் 8621 தேவைப்படாது. சேர்ந்து தாக்கல் செய்பவர்களுக்கு அது 50,000.

பிறகு எதில்தான் போடுவது?

அமெரிக்க புரோக்கரிடம் உள்ள அமெரிக்க ஈடிஎஃப்களை அப்படியே வைத்திருப்பதுதான் நான் பார்த்தவரை எளிது. அவை பீஃபிக் இல்லை. இந்தியச் சட்டமும் தடுப்பதில்லை: வெளிநாட்டில் வாழ்ந்தபோது சேர்த்த சொத்தைத் திரும்பி வந்தபின்னும் அங்கேயே வைத்திருக்க அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் பிரிவு 6(4) இடம் கொடுக்கிறது. சில புரோக்கர்கள் இந்திய முகவரி என்றதும் கணக்கை முடக்குகிறார்கள். கிளம்புவதற்கு முன்பே கேட்டு, ஒப்புக்கொள்பவரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். டல்லஸில் இருக்கும் மச்சான் முகவரியைக் கொடுத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. அது புரோக்கரிடம் சொல்லும் பொய், ஒருநாள் கடிதம் மச்சான் வீட்டுக்குத்தான் போகும்.

இந்திய நிறுவனங்களின் பங்குகளை நேரடியாக வாங்கலாம். உற்பத்தி, சேவை என்று தொழில் நடத்தும் நிறுவனம் பீஃபிக் ஆகாது. வங்கி எஃப்டியும் சிக்கல் இல்லாதது, வட்டியை இரண்டு பக்கமும் காட்டினால் போதும். விவசாய நிலம் மட்டும் ஓசிஐக்காரர்கள் வாங்க முடியாது. அப்பாவின் நிலம் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

டாலர் கணக்கு செய்யும் வேடிக்கை ஒன்றைச் சொல்ல வேண்டும். டாலர் 68 ரூபாயாக இருந்தபோது 13.6 லட்சத்துக்கு வாங்கிய பங்கை, 87 ஆனபோது 16.5 லட்சத்துக்கு விற்றால் இந்தியாவில் 2.9 லட்சம் லாபம். 1.25 லட்சம் விலக்குப் போக மிச்சத்துக்கு 12.5% வரி. அமெரிக்காவுக்கோ 20,000 டாலருக்கு வாங்கி 18,966 டாலருக்கு விற்ற நஷ்டம்! ஒரே விற்பனையில் ஒருவர் லாபம் என்கிறார், ஒருவர் நஷ்டம் என்கிறார், இருவர் சொல்வதும் சரி.

திரும்பி வந்த முதல் சில வருடங்களுக்கு இந்தியாவில் சலுகை உண்டாமே?

உண்டு. முந்தைய பத்து ஆண்டில் ஒன்பது ஆண்டு என்ஆர்ஐயாக இருந்திருந்தால், அல்லது முந்தைய ஏழு ஆண்டில் மொத்தம் 729 நாளுக்குள்தான் இந்தியாவில் இருந்திருந்தால், 'ஆர்என்ஓஆர்' என்ற இடைநிலை. வெளிநாட்டு வருமானத்துக்கு இந்திய வரி இல்லை. பெரும்பாலோருக்கு இரண்டு, மூன்று வருடம் கிடைக்கும். பெரிய லாபத்தில் நிற்கும் அமெரிக்கப் பங்குகளை விற்று மறுபடி வாங்க இதுதான் நேரம், அந்த லாபத்துக்கான இந்திய வரி மிச்சம். அந்தக் காலம் முடிந்ததும் இந்திய ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை நிரப்ப வேண்டும். அதை மறந்தால் 2015 கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம் வரை போகலாம். இந்த அட்டவணையில் மட்டும் இந்தியாவும் ஜனவரி–டிசம்பர்தான் கேட்கிறது.

401கே, சோஷியல் செக்யூரிட்டி?

401கே (அமெரிக்காவில் வேலை வழியாகச் சேர்க்கும் ஓய்வுக்காலக் கணக்கு), ஐஆர்ஏ இவற்றின் உள்ளே பணம் வளர்வதற்கு வருடா வருடம் இந்தியா வரி போடாமல், எடுக்கும்போது மட்டும் போடும்படி பிரிவு 89ஏ வழி செய்தது. கேட்டு விண்ணப்பித்தால்தான் உண்டு. ராத் கணக்கிலிருந்து (வரி கட்டிய பணத்தைப் போடும் ஓய்வுக்காலக் கணக்கு) விதிப்படி எடுத்தால் அமெரிக்காவில் வரி இல்லை, ஆனால் இந்தியச் சட்டத்தில் அந்தப் பெயருக்கென்று தனி விலக்கு இல்லை. அமெரிக்க அரசுப் பென்ஷனான சோஷியல் செக்யூரிட்டி மட்டும் சுலபம்: இரு நாட்டு ஒப்பந்தத்தின் 20ஆம் பிரிவுப்படி அதற்கு வரி போடும் உரிமை அமெரிக்காவுக்கு மட்டும். முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பொதுவாக இங்கே செல்லாது, அதை நம்பி வராதீர்கள்.

வேலையை விட்டு, வீட்டிலிருந்தே கன்சல்டிங் செய்யப் போகிறேன்.

நில்லுங்கள். சமூகக் காப்பு வரி தொடர்பாக இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் உடன்பாடு இல்லை. சொந்தத் தொழில் வருமானம் 400 டாலரைத் தாண்டினாலே 15.3% சுயதொழில் வரி. 2555உம் இதைக் குறைக்காது, 1116உம் குறைக்காது. 20,000 டாலர் நிகர வருமானத்துக்குச் சுமார் 2,826 டாலர் கையிலிருந்து போகும். அமெரிக்கப் பென்ஷனுக்கு வேண்டிய 40 கிரெடிட் இன்னும் சேராதவர்களுக்கு ஒரு பலன் உண்டு, இந்த வரி அந்தக் கணக்கில் சேரும். பிரைவேட் லிமிடெட் தொடங்கினால் தப்பிக்கலாமே என்பார்கள். அதற்குப் படிவம் 5471, மறந்தால் 10,000 டாலர். அதற்கு ஆடிட்டர் வாங்கும் கூலியைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அப்பா வீட்டை என் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதித் தருகிறேன் என்கிறார்.

நம் ஊரில் பின்னால் தகராறு வரக் கூடாது என்று இருக்கும்போதே எழுதிவைப்பது வழக்கம். அமெரிக்கக் கணக்கில் அது நஷ்டம். உயிரோடு இருக்கும்போது கொடுத்தால் அது பரிசு: அப்பா வாங்கிய விலைதான் உங்கள் விலை. 1988இல் 3 லட்சம் என்றால், அன்று டாலர் 14 ரூபாய் வாக்கில், 21,000 டாலர் சொச்சம். இன்று இரண்டு கோடிக்கு விற்றால் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் லாபம் காட்ட வேண்டும். உயில் வழியாக, அவர் காலத்துக்குப் பிறகு வந்தால், இறந்த அன்றைய சந்தை மதிப்புதான் உங்கள் விலை, லாபம் சொற்பம். இந்தியாவுக்கு இந்த வேறுபாடு கிடையாது, இரண்டிலும் அப்பாவின் விலை, அல்லது 2001 ஏப்ரல் மதிப்பு.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியவில்லை. என் அப்பா "என்னைச் சீக்கிரம் அனுப்பப் பார்க்கிறாயா?" என்றார்.

எந்த வழியில் வந்தாலும், வெளிநாட்டவரிடமிருந்து ஒரு வருடத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் பரிசோ வாரிசுச் சொத்தோ வந்தால் படிவம் 3520. வரி இல்லை. மறந்தால் மாதம் 5% வீதம் 25% வரை அபராதம்.

மனைவி இந்தியக் குடிமகள். அவரையும் சேர்த்துத் தாக்கல் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் அவருடைய உலக வருமானமும் உள்ளே வந்துவிடும். அவருக்கு மியூச்சுவல் ஃபண்ட் இருந்தால் முதலில் யோசியுங்கள். நாங்கள் தனித்தனி. அவர் தன் சொந்தச் சம்பளத்தில் எஸ்ஐபி போடுகிறார், நான் எட்டிப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். அமெரிக்கப் பரிசு வரிக் கவலை இல்லாமல் ஒரு வருடத்தில் அவருக்கு 1,90,000 டாலர் வரை பரிசாகக் கொடுக்கலாம்.

இத்தனை வருடம் ஒன்றுமே போடவில்லையே?

தெரியாமல்தான் விட்டீர்கள் என்றால் 'ஸ்ட்ரீம்லைன்ட்' என்ற வழி இருக்கிறது. மூன்று வருட ரிட்டர்ன், ஆறு வருட எஃப்பார், படிவம் 14653இல் ஏன் விட்டுப்போனது என்று உங்கள் வார்த்தையில் ஒரு விளக்கம். அந்த மூன்றில் ஒரு வருடமாவது 330 நாள் வெளியே இருந்திருந்தால் அபராதம் இல்லை. அவர்களாகவே உங்களை விசாரிக்க ஆரம்பித்துவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். பழைய வருடங்களை விட்டுவிட்டு இந்த வருடத்திலிருந்து சத்தமில்லாமல் ஆரம்பிக்கலாம் என்ற யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மகள் அங்கே பிறந்தாள், இரண்டு வயதில் வந்துவிட்டோம். அவளுக்குமா?

அவளும் அமெரிக்கர்தான். தாத்தா அவள் பெயரில் போட்ட எஃப்டி 10,000 டாலரைத் தாண்டினால் அவள் பெயரில் எஃப்பார், நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். வட்டி வருடத்துக்கு 1,350 டாலரைத் தாண்டினால் ரிட்டர்னும். செல்வமகள் திட்டம் அவளுக்குக் கிடையாது, அது இந்தியக் குடியுரிமை உள்ள பெண் குழந்தைகளுக்கு மட்டும்.

பேசாமல் குடியுரிமையை விட்டுவிட்டால்?

விடலாம். அதற்கு முந்தைய ஐந்து வருட ரிட்டர்னும் சுத்தமாக இருக்க வேண்டும், படிவம் 8854இல் அதைச் சத்தியம் செய்ய வேண்டும். சொத்து 20 லட்சம் டாலரைத் தொட்டிருந்தால் எல்லாவற்றையும் விற்றதாகப் பாவித்து ஒரு வரி உண்டு. சென்னையில் இரண்டு வீடு, அமெரிக்காவில் 401கே உள்ளவர்கள் இந்த வரம்பை நினைத்ததைவிட எளிதாகத் தொட்டுவிடுகிறார்கள். பதினைந்தில் எட்டு வருடம் கிரீன் கார்டு வைத்திருந்தவர்களுக்கும் இதே கணக்கு.

இங்கே இருக்கும் என் ஆடிட்டரே பார்த்துக்கொள்வாரா?

இந்திய ரிட்டர்னுக்கு அவரே போதும். அமெரிக்காவுக்குச் சிபிஏ (அமெரிக்க ஆடிட்டர்) அல்லது ஈஏ (ஐஆர்எஸ் உரிமம் பெற்ற வரி நிபுணர்) ஒருவர் வேண்டும், இருவரும் ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்க வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுக்க நான் பயன்படுத்தும் கேள்வி ஒன்றுதான்: "என்னிடம் இந்திய மியூச்சுவல் ஃபண்ட் இருக்கிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்பேன். "அதற்கென்ன, டிவிடெண்டைக் காட்டிவிடலாம்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லி எழுந்துவிடுவேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு "எத்தனை ஃபண்ட்?" என்று கேட்டவரிடம்தான் இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறேன்.